நோட் க்ளியரா?

எனக்கு மார்புல கேன்சர் இருந்துச்சு, ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு கேள்விப்பட்ட எல்லாரும் முதல்ல கேக்கறது ஒரே கேள்விதான். "நோட் க்ளியரா?" நோட்னா அக்குள்ல இருக்கற நிணநீர் முடிச்சு, அங்க கேன்சர் பரவலையேன்னு கேக்கறாங்க. சொந்தக்காரங்க கேக்கறாங்க, ரேடியேஷனுக்குக் காத்திருக்கும்போது பக்கத்துல உக்காந்த அம்மா கேக்கறாங்க, பத்து வருஷம் பேசாத க்ளாஸ்மேட் ஃபோன் பண்ணி கேக்கறா. இந்த வியாதி வந்த வீட்டுல எல்லாருமே கொஞ்சம் டாக்டராயிடறாங்க, அதனால ஸ்டேஜ் என்ன, சைஸ் என்னன்னு கேட்டுட்டு நேரா அக்குளுக்கு வந்துடறாங்க. நான் "பாக்கல"ன்னு சொல்லுவேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது, அப்புறம் "பாக்கலன்னா? ரிப்போர்ட் இன்னும் வரலையா?"ன்னு வரும். இல்ல, எடுக்கவே இல்ல, டெஸ்ட்டே பண்ணலன்னு சொன்னா அடுத்து வர்றது பரிதாபமா கோபமான்னு எனக்கு இன்னும் பிடிபடல. எந்த டாக்டர், ஏன் விட்டாரு, இன்னொரு இடத்துல காட்டலாமேன்னு வரிசையா வரும். ஒவ்வொருத்தருக்கா விளக்கி வாய் வலிச்சுப் போச்சு, அதான் ஒரு தடவை எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன்.

எனக்கு வயசு 61. மாதவிடாய் நின்னு பல வருஷம் ஆச்சு. மேமோகிராம்ல தெரிஞ்ச கட்டி 12 மில்லிமீட்டர், கையால தொட்டா கூட தெரியல. ஊசி போட்டு எடுத்த பயாப்சில கிரேடு 2, அதாவது நடுத்தர வேகம், ஈஆர் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால வளர்ற ரகம், ஹெர்-2 நெகட்டிவ், அதாவது ஹெர்-2ங்கற புரதம் அதிகமில்லாத ரகம். அக்குளை அல்ட்ராசவுண்ட்ல நிதானமா பாத்தாங்க, ஒரு நோட் கூட சந்தேகப்படற மாதிரி இல்ல. இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, இதுல ஒண்ணு மாறியிருந்தா கூட இந்தக் கட்டுரையே வேற மாதிரி இருந்திருக்கும். என்னைப் பாத்து யாரும் "அவங்க பண்ணலையே, எனக்கும் வேண்டாம்"னு கிளம்பிடக் கூடாது.

சித்தியோட கை

எங்க வீட்டுல இந்த வியாதி எனக்கு முன்னாடி சித்திக்கு வந்துச்சு. அப்பல்லாம் மார்புல கேன்சர்னா அக்குள்ல இருக்கற நோட் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடுவாங்க, கேள்வியே கிடையாது. சித்திக்கும் எடுத்தாங்க. எடுத்த அத்தனையையும் டெஸ்ட் பண்ணி பாத்தா ஒண்ணுல கூட கேன்சர் இல்ல. வீடே சந்தோஷப்பட்டுச்சு, நானும்தான். ஆனா அந்த சந்தோஷத்துக்கான பில்லை சித்தி கடைசி வரைக்கும் கட்டினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இடது கை வீங்க ஆரம்பிச்சுது, முதல்ல விரல், அப்புறம் முழங்கை வரைக்கும். இறுக்கமான ஸ்லீவ் ஒண்ணை காலைல மாட்டி ராத்திரி கழட்டணும், ப்ளவுஸ் கை ஒரு பக்கம் மட்டும் பெருசா தைக்கணும், ஒரு சின்ன கீறல் பட்டா கை முழுக்க சிவந்து காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில படுக்கணும். கேன்சர் திரும்ப வரவே இல்ல. சித்தி போனது வயசாகி, இதயத்தால. ஆனா அவங்கள நினைச்சா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்தக் கைதான்.

அதுக்கப்புறம்தான் சென்டினல் நோட் பயாப்சி எல்லா இடத்துக்கும் வந்துச்சு. மார்புலேர்ந்து நிணநீர் வடிஞ்சு முதல்ல போய் சேர்ற ஒண்ணு ரெண்டு நோட்டை மட்டும் கண்டுபிடிச்சு எடுக்கறது. முலைக்காம்பு பக்கத்துல நீலச் சாயமோ, கொஞ்சூண்டு கதிரியக்க மருந்தோ, ரெண்டுமோ ஊசில போடுவாங்க, அது போற வழில போய் தங்கற நோட்டை நீலக் கலரை வச்சோ கீ கீன்னு கத்தற கருவியை வச்சோ தேடி எடுத்து பாப்பாங்க. அதுல இல்லன்னா மிச்சத்தை தொடறதில்ல. 1990-கள்ல அமெரிக்காவுல டேவிட் க்ராகும் அர்மாண்டோ ஜூலியானோவும் மார்பு கேன்சர்ல ஆரம்பிச்சு வச்சது, அதுக்கு முன்னாடியே தோல் கேன்சருக்கு டொனால்ட் மார்ட்டன் பண்ணிட்டிருந்தாரு. எத்தனையோ பொம்பளைங்களோட கையை காப்பாத்தின வேலை இது, அதுல எனக்கு துளி சந்தேகம் கிடையாது. முழுசா வழிச்சு எடுத்தா அஞ்சுல ஒருத்தருக்கு கை வீங்குதுன்னா, சென்டினல் மட்டும் எடுத்தா நூத்துக்கு அஞ்சாறு பேருக்குத்தான். சில நாள் ஒண்ணுக்கு பச்சையா போகும், பயந்துடாதீங்க, சாயம்தான்.

ஆனா அந்த நூத்துக்கு அஞ்சாறு பேர்ல நான் ஒருத்தியா இருந்தா? இதுதான் என் மண்டைக்குள்ள ஓடினது. கை வீக்கம் தவிர மேல்கை உள்பக்கம் மரத்துப் போறது, அக்குள்லேர்ந்து முழங்கை வரைக்கும் கயிறு கட்டி இழுக்கற மாதிரி இறுகிக்கறது, தோளைத் தூக்க முடியாம மாசக்கணக்குல எக்ஸர்சைஸ் பண்றது, இதெல்லாம் சின்ன ஆபரேஷன்னு சொல்ற சென்டினல்லயும் கொஞ்ச பேருக்கு வருது. "சின்ன"ங்கறது எப்பவுமே பக்கத்துல இருந்து பாக்கறவங்க கணக்கு.

டாக்டர் கேட்ட கேள்வி

முடிவு பண்ண உக்காந்த அன்னிக்கு நானும் என் வீட்டுக்காரரும் மகளும் போயிருந்தோம். மகள் எல்லாத்தையும் படிச்சுட்டு வர்ற ரகம், நோட்டுப் புத்தகத்துல கேள்வி எழுதி கொண்டு வந்திருந்தா. சர்ஜன் அம்மா ரிப்போர்ட்டை எல்லாம் பாத்துட்டு, "உங்களுக்கு அக்குள்ல கை வைக்காம கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுக்கலாம்னு நினைக்கறேன், ஆனா முடிவு நீங்கதான் சொல்லணும்"னாங்க. நான் ஏதாவது சொல்றதுக்குள்ள மகள், "டாக்டர், எடுத்து பாத்தா என்ன கெட்டுப்போச்சு? பாத்துட்டா நிம்மதியாச்சும் கிடைக்கும்ல"ன்னா. அவ சொன்னதுல தப்பே இல்ல. அந்த நிமிஷம் நானும் மனசுக்குள்ள அதைத்தான் சொல்லிட்டிருந்தேன், சித்தி கையும் ஒரு பக்கம் வந்து வந்து போயிட்டிருந்துச்சு.

சர்ஜன் நேரா பதில் சொல்லல. பக்கத்து ரூம்லேர்ந்து மெடிக்கல் ஆன்காலஜிஸ்டை, அதான் கேன்சருக்கு மருந்து குடுக்கற டாக்டரை, கூப்பிட்டாங்க. அவரு உக்காந்ததும் எங்க முன்னாடியே கேட்டாங்க, "சார், இவங்களுக்கு நோட் எடுத்து, அதுல ஒண்ணு பாசிட்டிவ்னு வந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். நீங்க என்ன மாத்துவீங்க?"

அவரு பேப்பரை திருப்பித் திருப்பி பாத்தாரு. அப்புறம், "ஹார்மோன் மாத்திரை எப்படியும் குடுக்கத்தான் போறேன். கீமோ வேணுமா வேண்டாமாங்கறதை இந்த வயசுல, இந்த மாதிரி கட்டில, ஜீன் டெஸ்ட் ஸ்கோரை வச்சு பாப்பேன். ஸ்கோர் கம்மியா இருந்தா ஒண்ணு ரெண்டு நோட் இருந்தா கூட கீமோ குடுக்க மாட்டேன். நாலு நோட், இல்லேன்னா அதுக்கு மேல இருந்தா மருந்தே வேற ஆகும், அதுக்கு மட்டும் எனக்குத் தெரியணும்"னாரு. உடனே சர்ஜன், "12 மில்லிமீட்டர் கட்டி, ஸ்கேன்ல அக்குள் சுத்தம். நாலு இருக்க வாய்ப்பு?" அவரு, "நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல"ன்னாரு.

அவ்வளவுதான் நடந்துச்சு, அஞ்சு நிமிஷம் கூட இருக்காது. ஆனா நான் அதுவரைக்கும் ஒரு டெஸ்டை இந்தப் பக்கத்துலேர்ந்து யோசிச்சதே கிடையாது. டெஸ்ட்னா பண்ணணும், ரிசல்ட் வரணும், நல்லதா வந்தா சந்தோஷம், கெட்டதா வந்தா அழுகை, இதுதான் நமக்குத் தெரிஞ்ச வரிசை. ரிசல்ட் எது வந்தாலும் அடுத்து செய்யப்போறது ஒண்ணேதான்னா அந்த டெஸ்ட் யாருக்காகன்னு யாரும் என்னை கேட்டதில்ல. மகளும் நோட்டுப் புத்தகத்தை மூடாம அந்தக் கேள்வியை எழுதிக்கிட்டா, நான் ஓரக்கண்ணால பாத்தேன்.

ஆனா ஒரு விஷயத்தை அவங்க மறைக்கல. ரேடியேஷன் டாக்டர் தனியா சொன்னாரு, நோட் விவரம் இல்லாததால மார்பு முழுக்க ரேடியேஷன் குடுக்கறதுதான் சரி, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் குடுக்கறதை பத்தி உங்களுக்கு நான் யோசிக்க மாட்டேன்னு. அதாவது ஒண்ணை விட்டா இன்னொண்ணை குறைச்சுக்க முடியாது. இந்தப் பேரத்தை யாராவது உங்ககிட்ட சொல்லாம "நோட் எடுக்க வேண்டாம்"னு மட்டும் சொன்னா, கேட்டு வாங்கிக்கோங்க. முழு மார்பு ரேடியேஷன்ல தோல் கருத்து, வெந்து, தூக்கமில்லாம போன ராத்திரியெல்லாம் எனக்கும் இருந்துச்சு. நான் அதுக்கு ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டேன், தெரிஞ்சே.

யார் தைரியம் குடுத்தது

இந்த டாக்டர்களா திடீர்னு தைரியசாலி ஆயிட்டாங்களான்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. இல்லைங்க, இது ரொம்ப நாளா நடக்கற சண்டை. நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி வில்லியம் ஹால்ஸ்டெட்னு ஒரு சர்ஜன், கேன்சர் மார்புலேர்ந்து நோட்டுக்கு, நோட்லேர்ந்து உடம்புக்குன்னு ஒழுங்கா படிப்படியா போகுதுன்னு நம்பினாரு, அதனால மார்பு, நெஞ்சு தசை, அக்குள் நோட் எல்லாத்தையும் சேத்து எடுத்தாரு. பல தலைமுறை பொம்பளைங்க அந்த ஆபரேஷனோட வாழ்ந்தாங்க. 1971-ல பெர்னார்ட் ஃபிஷர் பி-04னு ஒரு ட்ரயல் ஆரம்பிச்சாரு. கையால தடவிப் பாத்தா அக்குள்ல ஒண்ணும் தெரியாதவங்கள்ல சில பேருக்கு நோட்டை எல்லாம் எடுத்தாங்க, சில பேருக்கு அப்படியே விட்டுட்டு வளந்தா மட்டும் எடுத்தாங்க. எடுத்தவங்கள்ல 40 சதவீதம் பேருக்கு நோட்ல கேன்சர் இருந்துச்சு, அப்ப விட்டவங்கள்லயும் அவ்வளவு பேருக்கு இருந்திருக்கணும்ல? ஆனா அவங்கள்ல 20 சதவீதத்துக்கும் கம்மியானவங்களுக்குத்தான் பின்னாடி அக்குள்ல வளந்துச்சு. 25 வருஷக் கணக்கை 2002-ல வெளியிட்டப்போ உயிரோட இருந்தவங்க எண்ணிக்கைல வித்தியாசமே இல்ல. அந்த ட்ரயல்ல யாருக்கும் கீமோவோ ஹார்மோன் மாத்திரையோ குடுக்கலங்கறதையும் சேத்து யோசிங்க. நோட் கேன்சரை தடுத்து நிறுத்தற இடம் இல்ல, அது ஏற்கனவே என்ன நடந்திருக்குன்னு சொல்ற இடம், அவ்வளவுதான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. மனசு ஏத்துக்கத்தான் இவ்வளவு வருஷம் ஆச்சு.

அப்புறம் இசட் 0011னு ஒண்ணு. சென்டினல்ல ஒண்ணு ரெண்டு நோட் பாசிட்டிவ்னு வந்தவங்களுக்கே மிச்சத்தை எடுக்காம விட்டு பாத்தாங்க, மார்பை காப்பாத்தற ஆபரேஷனும் ரேடியேஷனும் பண்ணவங்கதான் அதுல. எடுத்த குரூப்ல கால்வாசி பேருக்கு மேல இன்னும் நோட்ல கேன்சர் இருந்துச்சு, அப்படின்னா விட்ட குரூப்ல அவ்வளவு பேரு அதை உள்ளயே வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்காங்க. 10 வருஷத்துல உயிரோட இருந்தவங்க, விட்ட குரூப்ல 86.3 சதவீதம், எடுத்த குரூப்ல 83.6. எடுக்காததால யாருக்கும் நஷ்டம் இல்ல. இது வந்ததுக்கு அப்புறம் அடுத்த கேள்வி தானா வந்துடுச்சு: பாசிட்டிவ்னாலே மிச்சத்தை விடலாம்னா, ஸ்கேன்ல சுத்தமா இருக்கறவங்களுக்கு எடுத்தே பாக்கணுமா?

அதுக்குத்தான் மிலன் டாக்டருங்க தலைமைல சவுண்ட்னு ஒரு ட்ரயல் பண்ணாங்க, 2023-ல ரிசல்ட் வந்துச்சு. கட்டி 2 சென்டிமீட்டருக்குள்ள, அக்குள் அல்ட்ராசவுண்ட் நார்மல், மார்பு எடுக்காம ரேடியேஷன். 1,400-க்கு மேல பொம்பளைங்க. பாதிப் பேருக்கு சென்டினல் எடுத்தாங்க, பாதிப் பேருக்கு அக்குளை தொடவே இல்ல. 5 வருஷத்துல கேன்சர் வேற உறுப்புக்குப் பரவாம இருந்தவங்க ஒரு பக்கம் 97.7 சதவீதம், இன்னொரு பக்கம் 98.0, தொடாதவங்கதான் 98. எடுத்தவங்கள்ல 13.7 சதவீதம் பேருக்கு நோட்ல ஏதோ இருந்துச்சு, ஆனா தொடாதவங்கள்ல அக்குள்ல திரும்ப வந்தது 0.4 சதவீதம்தான், எடுத்தவங்களுக்கும் அதே 0.4. ரேடியேஷன்ல கொஞ்சம் அக்குள் அடிப்பக்கமும் வாங்கிக்குது, மாத்திரை உடம்பு முழுக்க வேலை செய்யுது, மிச்சத்தை உடம்பே பாத்துக்குதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. அடுத்து ஜெர்மனி, ஆஸ்திரியாவுல இன்செமா, அது இன்னும் பெருசு, 5,000-க்கும் மேல, 2024 டிசம்பர்ல வந்துச்சு. வியாதி இல்லாம 5 வருஷம் இருந்தவங்க, தொடாதவங்கள்ல 91.9 சதவீதம், எடுத்தவங்கள்ல 91.7. அக்குள்ல திரும்ப வந்தது தொடாதவங்களுக்கு 1 சதவீதம், எடுத்தவங்களுக்கு 0.3, அதை ஒளிக்க வேண்டாம், வித்தியாசம் இருக்கு. கை வீக்கம் தொடாதவங்களுக்கு 1.8 சதவீதம், எடுத்தவங்களுக்கு 5.7. அதுக்கப்புறம் 2025-ல அமெரிக்க ஆன்காலஜி சங்கம், அதான் ஆஸ்கோ, தங்களோட வழிகாட்டுதலையே மாத்தி எழுதுச்சு: மாதவிடாய் நின்ன, 50 வயசு தாண்டினவங்க, கட்டி 2 சென்டிமீட்டருக்குள்ள, கிரேடு 1 இல்லேன்னா 2, ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், அக்குள் ஸ்கேன் சுத்தம், மார்பை வச்சுக்கற ஆபரேஷன்னா சென்டினல் பயாப்சியை விடலாம்னு. 70 தாண்டின, ஹார்மோன் பாசிட்டிவ் ஆரம்ப ஸ்டேஜ்ல, அக்குள்ல ஒண்ணும் தெரியாதவங்களுக்கு சென்டினலை வழக்கமா பண்ணாதீங்கன்னு அமெரிக்க கேன்சர் சர்ஜன்கள் சங்கம் 2016-லயே சொல்லியிருக்கு, அதையே நிறைய பேரு கேக்கலங்கறது வேற கதை.

ஸ்கேன் சுத்தம்னு நான் திரும்பத் திரும்ப சொல்றேன்ல, அந்த ஸ்கேனை யாரு பண்றாங்கங்கறது பெரிய விஷயம். அவசரத்துல ரெண்டு தடவை தேய்ச்சுட்டு "நார்மல்"னு எழுதின ஸ்கேனை நம்பி இந்த முடிவை எடுக்கக் கூடாது. எனக்கு பண்ண டாக்டர் கையைத் தூக்க வச்சு, திருப்பி வச்சு, ஒவ்வொரு நோட்டோட வெளி அடுக்கு தடிமனையும் அளந்து எழுதினாங்க. அந்த ரிப்போர்ட் மேலதான் என் மொத்த முடிவும் நிக்குது.

"க்ளியர்"னு வந்தவங்க

எனக்கு கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அதனால இதையும் சொல்லிடறேன். நோட் க்ளியர்னு பேப்பர்ல வாங்கினவங்களுக்கும் அது நாம நினைக்கற க்ளியர் இல்ல. நோட்ல கேன்சர் செல் கூட்டம் இருந்தாலும் அது 0.2 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நெகட்டிவ்னுதான் எழுதுவாங்க, அதுதான் விதி. பி-32னு பெரிய ட்ரயல்ல, நோட்ல நிஜமா கேன்சர் இருந்தவங்கள்ல 100-ல 10 பேருக்கு கிட்ட சென்டினல் ஒண்ணுமில்லன்னு காட்டுச்சு. அப்படியும் சென்டினல் நெகட்டிவ்னு வந்து அதோட நிறுத்தினவங்க ஆயுசுல குறை வரலங்கறதும் அதே ட்ரயல்தான் சொல்லுச்சு. இதை ஒரு கல்யாண வீட்டுல ஒரு அக்காகிட்ட சொல்லப் போய் அவங்க முகம் மாறிடுச்சு. அந்தப் பேப்பரை வச்சுத்தான் அவங்க தூங்கறாங்க, நான் எதுக்கு அதைப் பிடுங்கணும்? அதுக்கப்புறம் யார்கிட்டயும் நேர்ல சொல்றதில்ல. நிம்மதிக்கும் ஒரு மதிப்பு இருக்கு, என் மகள் கேட்டதும் அதைத்தான். என்ன, அந்த நிம்மதிக்கு யாரோட கையை பணயம் வைக்கறோம்னு அந்தக் கைக்கு சொந்தக்காரி சொல்லணும். "எனக்கு ஆபத்து தெரியும், ஆனாலும் பாத்துட்டுத்தான் தூக்கம் வரும், எடுத்துடுங்க"ன்னு ஒரு அம்மா சொன்னா அதுவும் சரியான முடிவுதான்.

ஆரம்ப ஸ்டேஜ்னு ஒரே பேரு வச்சுட்டாலும் எல்லாருக்கும் கணக்கு ஒண்ணு கிடையாது. ரேடியேஷன்ல எனக்கு சிநேகிதமான ஒரு பொண்ணு, நாப்பது வயசு, ட்ரிப்பிள் நெகட்டிவ், அதாவது ஹார்மோனும் ஹெர்-2வும் ரெண்டுமே நெகட்டிவ். கட்டி என்னோடதை விட சின்னது, ஆனா அவளுக்கு நோட் எடுத்தாங்க, எடுக்கணும்தான், அவ ட்ரீட்மென்ட்ல அந்த பதிலை வச்சு மாத்தறதுக்கு நிறைய இருந்துச்சு. இன்னொருத்தங்களுக்கு டிசிஐஎஸ், பால் குழாய்க்குள்ளயே நிக்கற ரகம், இன்னும் வெளிய வரல. அதுக்கு கட்டியை மட்டும் எடுத்தா பொதுவா நோட் பாக்க மாட்டாங்க. ஆனா பரவியிருந்த இடம் பெருசுங்கறதால அவங்களுக்கு மார்பையே எடுக்க வேண்டி வந்துச்சு, அதனால கூடவே சென்டினலும் எடுத்துட்டாங்க. ஏன்னா மார்பு போயிடுச்சுன்னா சாயம் போட இடம் இல்ல, அப்புறம் உள்ள பரவின கேன்சரும் இருந்துச்சுன்னு ரிப்போர்ட் வந்தா திரும்பிப் போய் தேட முடியாது. என்னை விட முதல் படில இருந்தவங்களுக்கு நோட் எடுத்தாங்க, எனக்கு எடுக்கல. இதை வெயிட்டிங் ஹால்ல உக்காந்து நாங்க மூணு பேரும் பேசி பேசி தலை சுத்திப் போனோம்.

மகளோட கடைசி வாதம்

என் மகள் இன்னும் முழுசா சமாதானம் ஆகல. அவ சொல்றது இதுதான்: ஹார்மோன் பாசிட்டிவ் கேன்சர் சோம்பேறி, 10 வருஷம் 15 வருஷம் கழிச்சு கூட திரும்ப வரும், நீ காட்டற சவுண்டும் இன்செமாவும் 5 வருஷக் கணக்கு, அது எப்படி போதும்? நான் பி-04ஐ காட்டினேன், 25 வருஷம் பாத்தாங்களேன்னு. அது மார்பை முழுசா எடுத்த காலத்து ட்ரயல், உனக்கு மார்பு இருக்கு, ரெண்டும் ஒண்ணான்னு மடக்கினா. இசட் 0011ல 10 வருஷம் இருக்கேன்னேன், அதுல எல்லாருக்கும் சென்டினல் எடுத்திருந்தாங்களேன்னா. நான் சர்ஜன்கிட்ட இதைச் சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு, உங்க பொண்ணு கேக்கறது நியாயமான கேள்வி, அதுக்குத்தான் இந்த ட்ரயல் எல்லாத்துலயும் இன்னும் ஆளுங்களை தொடர்ந்து பாத்துட்டே இருக்காங்கன்னாங்க.

இப்போ அவ ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கா. வருஷா வருஷம் மேமோகிராம் எடுக்கும்போது அந்தப் பக்க அக்குளையும் அல்ட்ராசவுண்ட்ல பாக்கணும், அதுவும் முதல்ல பாத்த அதே டாக்டர்தான் பாக்கணும், ரிப்போர்ட்டை என் ஃபோனுக்கு வர்றதுக்கு முன்னாடி அவளுக்கு அனுப்பணும். முதல் ரெண்டுக்கு டாக்டர் சரின்னுட்டாங்க. மூணாவதுக்கு நான் இன்னும் ஒத்துக்கல.